ஊருக்குப் போகும் அம்மா அப்பாவுக்குப் பயணக் காப்புறுதி: சீனி, பிறசர் இருந்தால் பொலிசியை எப்படிப் படிப்பது

நல்லூர்த் திருவிழாவுக்கோ பெறாமகளின் கலியாணத்துக்கோ ஊர் போக ரிக்கெற் போடும்போது விலையைப் பார்க்கிறோம், எங்கே இறங்கி ஏற வேண்டும் என்று பார்க்கிறோம், எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்றும் கேட்கிறோம். பயணக் காப்புறுதியை மட்டும், "அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கோ" என்று ஏஜென்சிக்காரரிடம் விட்டுவிடுகிறோம். வருத்தம் ஒன்றும் இல்லாத இளம் பிள்ளைக்கு அது போதும். சீனி வருத்தம், பிறசர், கொலஸ்ட்ரோல் மூன்றுக்கும் குளிசை எடுக்கும் அம்மாவுக்குப் போதாது. யாழ்ப்பாணத்தில் அவருக்கு நெஞ்சு நோ வந்தால் கொம்பனி காசு கட்டுமா இல்லையா என்பது பெரும்பாலும் அவர் விமானம் ஏற முந்தியே முடிவாகிவிடுகிறது. முந்திய சில மாதங்களில் அவருடைய மருந்தில் என்ன மாறியது, கேள்விப் படிவத்தில் என்ன பதில் எழுதினோம், இந்த இரண்டும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

"ஊரில் அரச ஆஸ்பத்திரி இலவசம்தானே, காப்புறுதி எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஊரில் உயிர் காக்கும் ஏற்பாடுகள் இருப்பது உண்மை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்; 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. அவசரத்துக்கு முதலில் அதைத்தான் அழைக்க வேண்டும், காப்புறுதிக் கொம்பனியை அல்ல. செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கொழும்புக்கு மாற்றுவது, அங்கே தனியார் வைத்தியசாலையில் முற்பணம் கட்டுவது, சத்திரசிகிச்சைக்குப் பிறகு தாதி ஒருவரைத் துணைக்கு வைத்து ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ திருப்பிக் கொண்டுவருவது. இந்தக் கடைசிச் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடக் கூடியது.

நாம் வாழும் நாட்டின் அரசாங்கம் இதில் எவ்வளவு தாங்கும்? ஒன்ராறியோ மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப், வெளிநாட்டில் வரும் அவசர நோய்க்கு, வைத்தியசாலையில் தங்கி உயர்நிலைச் சிகிச்சை பெற்றால் நாளுக்கு 400 கனடிய டொலர் வரை தரும். சாதாரணமாகத் தங்கினால் 200 வரை, வெளிநோயாளருக்கு 50 வரை. விமான அம்புலன்ஸ் அதில் இல்லை. ஊரில் நீண்ட காலம் நிற்கும் பெற்றோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 212 நாளுக்கு மேல் வெளியில் நின்றால் ஓஹிப்பே கைவிட்டுப் போகலாம். பெரும்பாலான பயணப் பொலிசிகள் மாகாணக் காப்புறுதி நடைமுறையில் இருப்பவருக்கு மட்டுமே செல்லும். பிரித்தானியாவின் அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். இலங்கையிலோ இந்தியாவிலோ எதுவும் கட்டாது. ஐரோப்பிய நாடுகளில் சிகிச்சை பெறுவதற்காக எடுத்து வைத்திருக்கும் ஜி.எச்.ஐ.சி. அட்டையும் அங்கே செல்லாது. சுவிஸில் இருப்பவர்களின் நிலை கொஞ்சம் மேல். அங்குள்ள அடிப்படைக் காப்புறுதி வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு, அதே சிகிச்சைக்கு சுவிஸில் ஆகும் செலவின் இரண்டு மடங்கு வரை ஏற்கும். ஆனால் நோயாளியைத் திருப்பிக் கொண்டுவருவது அதில் அடங்காது.

கனடாவில்: மருந்து எப்போது மாறியது?

கனடியப் பொலிசிகளில் நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது "ஸ்டேபிள்" என்ற நிபந்தனையில்தான். முன்பே உள்ள வருத்தம் புறப்படும் நாளுக்கு முந்திய 90, 180 அல்லது 365 நாட்கள் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று பொலிசி சொல்லும். எத்தனை நாள் என்பது வயதையும் பொலிசியையும் பொறுத்தது. சுகமாக நடந்து திரிகிறோம், ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, ஆகவே எல்லாம் சரி என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பொலிசி அப்படிப் பார்ப்பதில்லை. புதிய அறிகுறி, புதிய மருந்து, நிறுத்திய மருந்து, அளவு கூட்டியது, அளவு குறைத்தது, செய்யச் சொல்லி இன்னும் செய்யாத பரிசோதனை, விசேட வைத்தியரிடம் அனுப்பி இன்னும் முறை வராத கடிதம், இவை எல்லாமே மாற்றம்தான். குறைத்தாலும் மாற்றம் என்பதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். "உங்களுக்கு நல்லாய்க் குறைஞ்சிட்டுது, பாதிக் குளிசை போதும்" என்று டொக்டர் சந்தோஷமாகச் சொன்ன நாளிலிருந்து அந்தப் பிறசருக்கான நாட்கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

ஸ்காபரோவில் ஒரு அம்மா ஜூலை 20 புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொலிசி 180 நாள் கேட்டால் ஜனவரி 21 முதல் எதுவும் மாறியிருக்கக் கூடாது. 90 நாள் என்றால் ஏப்ரல் 21 முதல். மே மாதம் கொலஸ்ட்ரோல் குளிசையின் அளவைக் கூட்டியிருந்தால் இரண்டிலும் அவர் தவறிவிடுகிறார். அதற்காக டொக்டர் கூட்டிய மருந்தை எடுக்காமல் விடக் கூடாது, உடம்புதான் முதலில். செய்ய வேண்டியது வேறு. வருடாந்தப் பரிசோதனையைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு வைக்காமல் ஏழெட்டு மாதம் முன்பே முடித்து, மாற்ற வேண்டியதை அப்போதே மாற்றிக்கொள்வது. அப்படியும் இடையில் மாறிவிட்டால் குறுகிய காலம் கேட்கும் பொலிசியைத் தேடலாம், அல்லது மருத்துவ விபரம் முழுவதையும் ஆராய்ந்து அதிக கட்டணத்துக்கு ஏற்கும் கொம்பனியைக் கேட்கலாம். இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் இரண்டிலும் இரத்தப் பரிசோதனைக்கு ஏற்ப அளவு கூடிக் குறைவதைச் சில பொலிசிகள் மாற்றமாகக் கொள்வதில்லை. பெயர் பெற்ற கொம்பனியின் குளிசைக்குப் பதிலாக அதே மருந்தின் விலை குறைந்த வகையைப் பாமசி தருவதும் அப்படியே. இந்த விலக்கு எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் வாயால் சொல்வது போதாது.

இருதயத்துக்கும் சுவாசப்பைக்கும் தனி வரிகள் இருக்கும். நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின் கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் தேவைப்பட்டிருந்தால், அல்லது சுவாச நோய்க்கு வீட்டில் ஒக்சிசன் பாவித்திருந்தால், வேறெது மாறாவிட்டாலும் அந்த உறுப்பு சார்ந்த எதற்கும் காசு இல்லை என்று பல பொலிசிகள் எழுதியிருக்கின்றன.

வருடம் முழுவதற்கும் எடுக்கும் பொலிசியில் இந்த நாட்கணக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக எண்ணப்படும். வங்கிக் கடனட்டையோடு வரும் காப்புறுதியை நம்பிப் போகிறவர்கள் 65 வயதுக்கு மேல் அது எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். பல அட்டைகள் அந்த வயதில் சில நாட்களோடு நிறுத்திவிடும், சில ஒன்றுமே தராது.

படிவத்தை நிரப்ப முந்தி

நம் வீடுகளில் இந்தப் படிவத்தைப் பிள்ளைகள்தான் நிரப்புகிறார்கள், அதுவும் வேலைக்கிடையில், தொலைபேசியில் கேட்டுக்கேட்டு. "அம்மா, உங்களுக்கு ஹார்ட்டில ஏதும் இருக்கோ?" "இல்லைப் பிள்ளை, டொக்டர் ஒண்டும் சொல்லேல்ல." அந்த அம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் குடும்ப வைத்தியரின் கோப்பில் சிறுநீரகம் கொஞ்சம் மந்தம் என்றோ, இரண்டு வருடம் முன்பு தலைசுத்து வந்தபோது சிறு பக்கவாதமாக இருக்கலாம் என்று சந்தேகித்து ஸ்கான் எடுத்ததாகவோ எழுதியிருக்கக்கூடும். பணம் கேட்டு விண்ணப்பித்ததும் கொம்பனி முதலில் எடுப்பிப்பது அந்தக் கோப்பையும் பாமசிப் பதிவையும்தான். உங்கள் பதிலையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

ஆகவே பதில் எழுத முன்பு நீங்களே அவற்றைப் பாருங்கள். கனடாவில் பாமசியிடம் கடந்த ஒரு வருட மருந்துப் பட்டியலைக் கேட்டால் அச்சிட்டுத் தருவார்கள். குடும்ப வைத்தியரிடம் நோய்ச் சுருக்கத்தைக் கேட்கலாம். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். செயலியிலேயே உங்கள் பதிவைப் பார்க்க முடியும். விளங்காத சொல் இருந்தால் வைத்தியரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே கையெழுத்து வையுங்கள். ஒரே குளிசையில் பிறசருக்கான இரண்டு மருந்து சேர்ந்திருக்கலாம், "பிறசருக்கு எத்தனை மருந்து?" என்ற கேள்விக்கு அதை எப்படி எண்ணுவது என்று கொம்பனியிடமே கேளுங்கள். பொலிசி எடுத்த பிறகு, புறப்பட முன்பு, உடம்பில் ஏதாவது மாறினாலும் அறிவிக்க வேண்டும்.

பிரித்தானியாவில் சட்டம் சற்று நியாயமாக இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டப்படி, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொல்வதே உங்கள் கடமை. வேண்டுமென்று மறைத்தால் பொலிசியே இல்லாமல் போகலாம். கவனக்குறைவால் ஒன்று விடுபட்டு, உண்மையைச் சொல்லியிருந்தால் கட்டணம் மட்டும் கூடியிருக்கும் என்றால், அந்த விகிதத்தில் கொடுப்பனவைக் குறைக்கலாம். 120 பவுண் கட்ட வேண்டியவர் 60 கட்டியிருந்தால் பில்லில் பாதி கிடைக்கும். அங்கு நீண்ட கால வருத்தங்களைப் பட்டியலாகச் சொல்லி ஏற்கச் செய்வதே வழக்கம். கடுமையான வருத்தத்தால் கொம்பனி மறுத்துவிட்டால், அத்தகையவர்களுக்குப் பொலிசி தரும் நிறுவனங்களின் பட்டியலை அந்தக் கொம்பனியே காட்ட வேண்டும் என்பது 2021 முதல் விதி. மணிஹெல்ப்பர் என்ற அரச ஆதரவுச் சேவை அப்படியொரு பட்டியலை வைத்திருக்கிறது. ஒரு கொம்பனி மறுத்தவுடன் காப்புறுதியே இல்லாமல் ஊருக்குப் போகாதீர்கள். வங்கிக் கணக்கோடு வரும் பொலிசி இருந்தாலும் வருத்தங்களைத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும். அங்குள்ள வருடாந்தப் பொலிசிகளில் ஒரு பயணம் 31 நாளைத் தாண்டக் கூடாது என்பது சாதாரணம். இரண்டு மாதம் நிற்கப் போகிறவருக்கு அது உதவாது.

ஜெர்மனியில் இருப்பவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. வருத்தம் அல்லது வயது காரணமாகத் தனியார் பயண மருத்துவக் காப்புறுதி கிடைக்காது என்பதைப் புறப்பட முன்பே உங்கள் பொது மருத்துவக் காப்புறுதியான கிராங்கன்காசேக்கு நிரூபித்தால், வருடத்தில் ஆறு கிழமை வரை, உடனே செய்தாக வேண்டிய சிகிச்சைக்கு ஜெர்மன் செலவு அளவில் அதுவே பொறுப்பேற்கலாம். மறுத்த கொம்பனிகளின் கடிதங்களைச் சேர்த்துக்கொண்டு நேரத்தோடு போங்கள். ஊரிலிருந்து கேட்டால் கிடைக்காது.

அம்மா கடுமை என்று ஓடும்போது

நம்மில் பலர் போவது கொண்டாட்டத்துக்கு அல்ல, ஊரில் பெற்றோருக்குக் கடுமை என்று அழைப்பு வந்ததால். பொலிசி எடுக்கும்போதே அவருடைய நோய் தெரிந்திருந்தால், அதனால் பயணத்தை ரத்துச் செய்தாலோ தேதி மாற்றினாலோ பல பொலிசிகள் கட்டாது. பயணம் செய்யாத உறவினரின் வருத்தமும் விலக்குப் பட்டியலில் இருக்கும். அந்த நேரத்தில் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது தேதி மாற்றக்கூடிய ரிக்கெற்றை வாங்குவதே நல்லது.

யாழ்ப்பாணம் போய் அப்படியே சென்னைக்கும் போவதானால் இரண்டு நாடும் பொலிசியில் இருக்கட்டும். அங்கே கண் சத்திரசிகிச்சை, முழங்கால், பல் என்று திட்டமிட்டுச் செய்வதற்கும், அதனால் வரும் சிக்கலுக்கும் பயணக் காப்புறுதி இல்லை. வழமையான குளிசை முடிந்து ஊரில் வாங்கினால் அதற்கும் இல்லை. முழுக் காலத்துக்கும் மேலதிகமாக இரண்டு கிழமைக்கும் மருந்தை அதன் பெட்டியோடு கைப்பையில் கொண்டுபோங்கள்.

கோயில் விரதம் பற்றியும் சொல்ல வேண்டும். டொக்டர் சொன்ன சிகிச்சையைக் கைக்கொள்ளாமல் விட்டதால் வரும் நோய்க்குப் பொறுப்பில்லை என்ற வரி பல கனடியப் பொலிசிகளில் உண்டு. இன்சுலினைத் தானாக விட்டு விரதம் இருப்பது அந்த வரிக்குள் விழலாம். நேர்த்தி இருந்தால், எப்படிச் சமாளிப்பது என்று டொக்டரிடம் புறப்பட முன்பே கேளுங்கள்.

நாம் வாழும் நாட்டின் அரசாங்கம் இலங்கைக்குப் போக வேண்டாம் என்று அறிவித்திருந்தால் பெரும்பாலான பொலிசிகள் செயலிழந்துவிடும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்பு பிரித்தானியா அத்தியாவசியமற்ற பயணங்களுக்கு எதிராக அப்படி அறிவித்திருந்தது. புறப்படும் கிழமையில் அந்த அறிவித்தலை ஒருமுறை பாருங்கள்.

ஊரில் நோய் வந்தால்

முதலில் ஆஸ்பத்திரி, அடுத்து கொம்பனியின் அவசர உதவி இலக்கம். நோயாளியால் முடியாதென்றால் வீட்டில் உள்ள யாராவது அழைக்கலாம். ஆகவே அந்த இலக்கத்தையும் பொலிசி இலக்கத்தையும் தங்கப்போகும் வீட்டுக்காரரின் கைத்தொலைபேசியிலும் பதிந்து வையுங்கள். கனடாவின் இலவச இலக்கம் இலங்கையிலிருந்து வேலை செய்யாமல் போகலாம்; வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கான இலக்கம் வேறாக இருக்கும். அழைக்காமலே பெரிய சிகிச்சை செய்தால் சில பொலிசிகள் 80 வீதம் மட்டுமே தரும், சில அதுவும் தராது.

கடதாசி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தனியார் நிலையத்தில் டொக்டரைச் சனல் பண்ணினால் அந்தப் பற்றுச்சீட்டு, மருந்துத் துண்டின் படம், பாமசியின் முத்திரையிட்ட பில், ஆஸ்பத்திரியால் வெளிவரும்போது தரும், நோய் விபரம் எழுதிய டயக்னோசிஸ் காட், பரிசோதனை முடிவுகள், எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர் இருக்கட்டும். இங்கே முதற்பெயராக இருப்பது அங்கே தகப்பன் பெயராக எழுதப்பட்டால் இரண்டு ஆட்கள் போலத் தெரியும்.

மனம் கேட்காவிட்டாலும் பெற்றோரோடு பேச வேண்டிய இன்னொன்று: அங்கே இறக்க நேர்ந்தால் உடலைத் திருப்பிக் கொண்டுவருவதா, ஊரிலேயே தகனம் செய்வதா? பொலிசிகள் இரண்டுக்கும் வெவ்வேறு உச்சத் தொகை வைத்திருக்கும். அவர்களின் விருப்பம் தெரிந்தால் எந்தத் தொகையைப் பார்த்து வாங்குவது என்பதும் தெரியும்.

கொம்பனி மறுத்தால் எந்த வரியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். குடும்ப வைத்தியரின் கடிதம் ஒன்று, குறிப்பாக "மருந்து மாறவில்லை, பெயர்தான் மாறியது" என்பது போன்ற விளக்கம், சில முடிவுகளைத் திருப்பக்கூடும். பிரித்தானியாவில் கொம்பனிக்கு எட்டுக் கிழமை அவகாசம். இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மன் சேவையிடம் இலவசமாகப் போகலாம். கனடாவில் இறுதி நிலைப்பாட்டுக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு, ஆயுள் மற்றும் சுகாதாரக் காப்புறுதிக்கான ஒம்புட் சேவையிடம் முறையிடலாம். ஓஹிப் தரும் சிறு தொகையையும் விடாதீர்கள். சிகிச்சை பெற்று 12 மாதத்துக்குள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.