இரண்டாவது பாடி எதற்கு, எது?

இரண்டாவது ஃபிலிம் கேமரா பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) தேடி அலைவதற்கு முன்பு, அதில் எந்த ரோலைப் போடப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு ஃபிலிம் வாங்குவதே மேல். டிஜிட்டலில் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்கான உணர்திறனை, படத்துக்குப் படம் மாற்றலாம். ஃபிலிமில் 36 படமும் தீரும்வரை ஒரே வேகம்தான் (ஃபிலிமின் ஐஎஸ்ஓவைத்தான் வேகம் என்கிறோம்). பாதி ரோலைச் சுற்றி வெளியே எடுத்து, பிறகு மறுபடி போடும் வித்தையும் உண்டு. மீன் செதில் ஒட்டிய கையோடு அதைச் செய்ய எனக்குப் பொறுமை கிடையாது.

நான் தண்டையார்பேட்டைக்காரன், படம் எடுப்பது பெரும்பாலும் சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில். விடியும் முன் மீன் ஏலம் நடக்கும்போது விளக்கு வெளிச்சம் மட்டுமே இருக்கும். அதற்கு இல்ஃபோர்டு ஹெச்பி5 என்ற கறுப்பு வெள்ளை ரோலை ஐஎஸ்ஓ 1600 ஆகக் கணக்கிட்டு எடுக்கிறேன். அப்பெர்ச்சரை (லென்ஸின் ஒளித்துவாரத்தை) எஃப்/2இல் வைத்தால் 1/60 விநாடி ஷட்டர் வேகம் கிடைத்துவிடும். உண்மையில் அது 400 வேக ஃபிலிம் என்பதால் டெவலப்பரில் (படத்தை வெளிக்கொணரும் ரசாயனத்தில்) கூடுதல் நேரம் விடவேண்டும். அந்தக் கூடுதல் நேரம் ரோல் முழுவதற்கும் பொருந்தும். பத்துப் படத்துக்கு மட்டும் என்று பிரிக்க முடியாது. (20 டிகிரியில் டெவலப் செய்ய நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஒத்துழைக்காது. நல்லவேளையாகக் காசிமேட்டில் ஐஸுக்குப் பஞ்சமில்லை.)

கடலுக்கு மேல் சூரியன் ஏறியதும் கதை மாறிவிடுகிறது. 1600இல் ஓடும் ரோலுக்கு உச்சி வெயிலில் துவாரத்தைச் சுருக்கி எஃப்/16 வைத்தாலும் 1/1600 விநாடி ஷட்டர் வேகம் தேவை. பல பழைய கேமராக்கள் 1/1000இலேயே நின்றுவிடும். அதோடு, வண்ணம் பூசிய விசைப்படகுகளைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க எனக்கு மனம் வராது. ஆகவே கோடக் கோல்டு 200 என்ற வண்ண ஃபிலிம், அதற்கென்று இன்னொரு பாடி. ஏலத்தில் இருக்கும் அக்கா ஒருவர் "எதற்குத் தம்பி இரண்டு?" என்று கேட்டார். "ஒன்று இருட்டுக்கு, ஒன்று வெயிலுக்கு" என்றேன். ஒப்புக்கொண்டார்.

அடுத்தது மவுன்ட், அதாவது பாடியில் லென்ஸ் பூட்டும் வளையம். முதல் கேமராவின் லென்ஸ்கள் இரண்டாவதிலும் பொருந்தவேண்டும். இதில் நான் சமரசம் செய்யமாட்டேன். என்னிடம் முதலில் இருந்தது நிக்கான் எஃப்எம்10. நிக்கானின் எஃப் மவுன்ட் 1959இலிருந்து தொடர்கிறது என்றாலும், எல்லா லென்ஸும் எல்லா பாடியிலும் ஓடும் என்று நம்பிவிடாதீர்கள். 1977க்கு முந்தைய, புதிய முறைக்கு மாற்றப்படாத லென்ஸை எஃப்எம்2இல் திருகினால் மவுன்ட் ஓரத்தில் உள்ள சிறு நெம்பு சேதமாகலாம். எஃப்எம், எஃப்இ இரண்டிலும் அதை மடக்கி வைக்கலாம். எஃப்80இல் கையால் ஃபோகஸ் செய்யும் பழைய லென்ஸைப் போட்டால் ஒளி அளக்கும் மீட்டர் வேலை செய்யாது, எஃப்100இல் செய்யும். அப்பெர்ச்சர் வளையமே இல்லாத ஜி வகை லென்ஸ்கள் பழைய பாடிகளுக்கு உதவாது. கேனான்காரர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரிது: ஏஇ-1இன் எஃப்டி லென்ஸ்கள் 1987இல் வந்த இஓஎஸ் பாடிகளில் நேரடியாகப் பொருந்தா. பென்டாக்ஸ் கே1000 வைத்திருப்பவர்கள் கே மவுன்ட் பாடிகளுக்குள்ளேயே தேடலாம்.

மவுன்ட் ஒன்றாக இருந்தால் கைப்பழக்கமும் ஓரளவு ஒன்றாக இருக்கும். நிக்கானில் ஃபோகஸ் வளையம் ஒரு பக்கம் சுற்றினால் கேனானில் அதற்கு எதிர்ப்பக்கம். ஒலிம்பஸ் ஓஎம்-1இல் ஷட்டர் வேகம் லென்ஸ் மவுன்டைச் சுற்றி இருக்கும். நல்ல கேமராதான், ஆனால் நிக்கானும் அதுவுமாகத் தோளில் மாட்டிக்கொண்டால், ஏலக் கூடை நகரும் அந்த ஒரு நொடியில் விரல் தடுமாறும்.

வேறுபாடு தேவைப்படுவது வேறோர் இடத்தில். நான் எஃப்இ வாங்கியது அதனால்தான். எஃப்எம்10 முழுக்க இயந்திரம். பேட்டரி மீட்டருக்கு மட்டுமே. 1978இல் வந்த எஃப்இ, நாம் அப்பெர்ச்சரை வைத்தால் ஷட்டர் வேகத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். மேகம் மாறிக்கொண்டே இருக்கும் காலைக்கு அது பெரிய நிம்மதி. பேட்டரி தீர்ந்தாலும் எஃப்இயில் 1/90 வேகம் ஓடும். இரண்டுக்கும் அதே எல்ஆர்44 பேட்டரிகள் இரண்டு போதும். பேட்டரி இல்லாமல் அசையவே அசையாத ஏஇ-1 போன்றவை இரண்டைச் சேர்த்து வைத்துக்கொள்வதை நான் விரும்பமாட்டேன். எடையையும் பாருங்கள்: எஃப்எம்10 சுமார் 420 கிராம், எஃப்இ 590. ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ளும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய கேமராவை இரண்டாவதாக வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். ஒலிம்பஸ் ட்ரிப் 35க்குப் பேட்டரியே வேண்டாம், பகலில் அருமை. இருட்டில் அது ஷட்டரைப் பூட்டிவிட்டுச் சிவப்புக் கொடி காட்டும். நல்ல வெயிலிலும் கொடி வந்தால் ஒளியை அளக்கும் செலினியம் செல் போய்விட்டது என்று அர்த்தம், வாங்காதீர்கள்.

பெரம்பூர், வண்ணாரப்பேட்டைப் பக்கம் மூடிவிட்ட ஸ்டுடியோக்காரரிடம் வாங்கினாலும் சரி, இணையத்தில் வாங்கினாலும் சரி, காசு கைமாறும் முன் பின்கதவைத் திறந்து பாருங்கள். ஓரங்களில் ஒளி புகாமல் தடுக்கும் கறுப்பு நுரை நம் வெப்பத்தில் பிசினாகியிருக்கும். அதை மாற்றுவது பெரிய செலவில்லை. பேட்டரிக் குழியில் பச்சை படிந்திருந்தால் யோசியுங்கள். ஷட்டரை 1 விநாடியில் வைத்துத் தட்டி, சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்து நேரம் பாருங்கள். பழைய பாடி முதலில் திணறுவது மெதுவான வேகங்களில்தான். லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் பூஞ்சை சிலந்தி வலையாகத் தெரியும். உங்கள் முதல் கேமராவையும் கொண்டு போங்கள். ஒரே சுவரை, ஒரே ஐஎஸ்ஓவில், இரண்டு மீட்டராலும் அளந்து பாருங்கள். அரை ஸ்டாப் (ஒளியை இரட்டிப்பாக்கும் ஒரு படியில் பாதி) வித்தியாசம் நிலையாக இருந்தால் ஐஎஸ்ஓ வளையத்தை அந்த அளவு நகர்த்திச் சமாளிக்கலாம். ஒவ்வொரு முறையும் முள் வேறு இடம் காட்டினால் விட்டுவிடுங்கள்.

வாங்கிய பிறகு இரண்டிலும் ஒரே வகை ஃபிலிமைப் போட்டு, ஒரே காட்சிகளை எடுத்து ஒப்பிடுங்கள். முடிந்தால் ஒன்று வெள்ளி நிறம், ஒன்று கறுப்பு என்று வைத்துக்கொள்வது நல்லது. இருட்டிலும் எது எதுவென்று தெரியும். ஆனாலும் பின்கதவில் காகித டேப் ஒட்டி, ரோலின் பெயரையும் வேகத்தையும் எழுதுங்கள். கடற்காற்றில் நனைந்த பாடிகளை வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள். தோல் உறை வேண்டாம், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள்.