தயிர்ச் சட்டியில் ஒரு ஜேட் மரம்

மேல்மாடிப் பிள்ளை ஒருத்தி போன மாதம் பத்தரமுல்லை நேசரி ஒன்றில் ஜேட் கன்று வாங்கிவந்து, "அன்ரி, இதை எப்பிடிப் பொன்சாய் ஆக்கிறது?" என்று கேட்டாள். சின்னப் பிளாஸ்டிக் சாடியில் நாலு தண்டு, ஒவ்வொன்றும் பென்சில் மொத்தம். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி. மேற்குப் பார்த்த பல்கனியில் ஒன்பது ஜேட் நிற்கின்றன.

முதலில் கையில் இருப்பது எது என்று பாருங்கள். ஜேட் என்ற பெயரில் இரண்டு செடிகள் விற்கிறார்கள். பெருவிரல் அளவு தடித்த இலையும், பச்சையும் சாம்பலும் கலந்த கொழுத்த தண்டும் இருந்தால் அது கிராசுலா ஓவாட்டா. இலை சுண்டுவிரல் நகம் அளவில், இளந்தண்டு சிவந்து இருந்தால் அது போர்ட்டுலகேரியா ஆஃப்ரா. இரண்டுக்கும் தாய்நாடு தென்னாபிரிக்கப் பக்கம். சின்ன இலை என்பதால் போர்ட்டுலகேரியா சீக்கிரமே மரம்போலத் தெரியும், வெட்டினால் வேகமாகத் துளிர்க்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். கிராசுலாவின் அழகு அதன் அடித்தண்டில். காலம் போகப்போக அது யானைக்கால்போல் ஊதி நிற்கும். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் கிராசுலாவை எட்டாத உயரத்தில் வையுங்கள், இலையைக் கடித்தால் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. கீழே சொல்வது இரண்டு செடிக்கும் பொருந்தும்.

இனித் தண்ணீர். கொழும்பில் ஜேட் சாகிறதென்றால் பெரும்பாலும் தண்ணீரால்தான் சாகிறது. வறண்ட சரிவுகளில் வளர்ந்த செடி இது. பகல் வெயிலில் நீர் ஆவியாகாதபடி, இலையின் மூச்சுத் துளைகளை இரவில்தான் திறக்கும். இலைக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இங்கேயோ ஒக்டோபர், நவம்பரில் சராசரியாக மாதத்துக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை, காற்றிலும் எப்போதும் ஈரம்.

2019 ஒக்டோபரில் மூன்று கன்றுகளை ஒன்றாகப் பறிகொடுத்தேன். கடைக் கொம்போஸ்டில் நட்டு, பல்கனி விளிம்பில் மழை படும்படி விட்டிருந்தேன். இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. ஒருநாள் தண்டைத் தொட்டபோது அடி கொழகொழவென்று இருந்தது, அழுகிய உருளைக்கிழங்கின் மணம். அன்றிரவே மேலிருந்து துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு போனேன். வெட்டுமுகத்தில் ஒரு மண்ணிறப் புள்ளிகூட இல்லாமல் வெள்ளைப்பச்சையாகத் தெரிந்த இடத்தில் நிறுத்தி, கறுவாத் தூள் தடவி, பத்திரிகைத் தாளில் ஐந்து நாள் நிழலில் காயவைத்து நட்டேன். இரண்டு நுனிகள் பிழைத்தன. அதில் ஒன்றின் அடித்தண்டு இப்போது என் பெருவிரலைவிட மொத்தம்.

ஆகவே தண்ணீரைக் கிழமை பார்த்து ஊற்றாதீர்கள், இலையைப் பார்த்து ஊற்றுங்கள். கீழ் இலை ஒன்றை இரண்டு விரலால் மெதுவாக அமத்துங்கள். கல்லுப்போல் இருந்தால் விட்டுவிடுங்கள். கொஞ்சம் வளைந்து கொடுத்து, தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்திருந்தால், அடியால் ஒழுகும்வரை நிறைய ஊற்றுங்கள். பிறகு மண் அடிவரை காயும்வரை தொடவேண்டாம். எனக்கு ஜனவரி, பெப்ரவரியில் ஐந்தாறு நாளுக்கு ஒருக்கா வரும். ஒக்டோபர் மழையில் சாடிகளை உள்ளே இழுத்துவிடுவேன், சில நேரம் மூன்று கிழமைக்குத் தண்ணீரே இல்லை. சாடிக்கு அடியில் தட்டு வைக்கவே வேண்டாம். வேர் அழுகும் என்பது ஒன்று. தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்து பார்த்தால் முதலில் தூக்கிப் பார்ப்பதும் பூச்சாடித் தட்டைத்தான்.

மண்ணும் இதே காரணத்துக்காகத்தான் முக்கியம். நேசரி மண்ணைக் கையால் உதிர்த்து முழுவதும் எடுத்துவிடுங்கள். நான் போடுவது மூன்று பங்கு கல், ஒரு பங்கு கொம்போஸ்ட். கல் என்றால் உடைத்த கூரையோட்டுத் துண்டும் கருங்கல் சல்லியும் பாதிக்குப் பாதி. பழைய ஓட்டைச் சாக்குக்குள் போட்டுச் சுத்தியலால் தட்டி, அரிதட்டில் அரித்து, பச்சைப்பயறிலிருந்து கடலை வரையான அளவை மட்டும் வைத்துக்கொள்வேன். தூளை இரக்கமில்லாமல் வீசிவிட வேண்டும். தூள்தான் கல்லுக்கு இடையில் இறங்கிச் சேறாகும். கடல் மணல் கூடாது, உப்பு.

சாடிக்கு நான் கண்டுபிடித்த நல்ல பொருள் எருமைத் தயிர்ச் சட்டி. வாய் அகலம், உயரம் குறைவு, மெருகு பூசாத மண், ஈரத்தைச் சுவராலேயே வெளியே விடும். தயிர் தீர்ந்ததும் கழுவி, ஒரு இரவு வாளித் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் ஈரச்சாக்கை நாலாக மடித்து, அதன்மேல் சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். அடியில் துளை வேண்டிய மூன்று இடத்திலும் ஒட்டுநாடாத் துண்டு ஒட்டினால் முனை வழுக்காது. சுவர் துளைக்கும் 6 மில்லிமீற்றர் முனையை டிரில்லில் மாட்டி, சுத்தியல் போல் அடிக்கும் பொத்தானை நிறுத்திவிட்டு, மெதுவாகச் சுற்றவிடுங்கள். கையின் பாரம் போதும், அழுத்தக்கூடாது. இடையிடையே சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சத்தம் மாறி, தூள் சிவந்த சேறாக வெளியே வரும்போது இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. அந்த இடத்தில் பாரத்தை எடுத்துவிட்டால் உள்பக்கம் செதில் உடையாது. அப்புறம் 10 மில்லிமீற்றர் முனையால் அகலப்படுத்தலாம். துளைகளுக்கு ஜன்னல் நுளம்பு வலைத் துண்டு, சட்டிக்கு அடியில் மூன்று ஓட்டுத் துண்டு கால்கள். முடிந்தது.

நாலு தண்டையும் பிரித்துத் தனித்தனியாக நடுங்கள். பிரிக்கும்போது வேர் அறுந்தால் கவலை வேண்டாம். ஆனால் ஒரு கிழமைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. மற்ற பொன்சாய்களை வேர் வெட்டி நட்ட உடனே நனைப்பார்கள். ஜேட்டுக்கு அப்படிச் செய்தால் காயத்தால் அழுகல் ஏறும். செடி ஆடினால் புது வேர் பிடிக்காது, அதனால் அடித்துளையால் மெல்லிய கம்பியை விட்டு அடித்தண்டை மெதுவாகக் கட்டிவிடுங்கள். இதற்கெல்லாம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம்.

முதல் வருஷம் கத்தரிக்கோலைத் தூர வையுங்கள். தண்டு மொத்தமாவது மேலே இருக்கிற இலைகளால்தான். இலையை வெட்டிக்கொண்டே இருந்தால் தண்டு பென்சிலாகவே நிற்கும். பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை, அவளுக்கு உடனே மரம் வேண்டும். ஆனால் இந்த ஒரு வருஷத்தைக் கொடுத்த செடிக்கும் கொடுக்காத செடிக்கும் உள்ள வித்தியாசத்தை என் பல்கனியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வெயில் நிறையக் கொடுங்கள். நேசரி வலைக்குள் இருந்த செடியை ஒரே நாளில் உச்சிவெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும், இரண்டு கிழமை எடுத்துப் படிப்படியாகப் பழக்க வேண்டும். இலை விளிம்பு சிவந்தால் நோய் என்று பயப்படாதீர்கள், வெயில் பட்ட நிறம் அது. செடி துளிர் விடும் மாதங்களில் மாதம் ஒருக்கா அல்பேர்ட் கரைசல் என்ற, தண்ணீரில் கரைக்கும் உரத்தை, பொதியில் சொன்னதில் பாதி அளவுக்குக் கரைத்து ஊற்றுகிறேன். கடலோரத்தில் இருப்பவர்கள் உப்புக்காற்று அடிக்கும் நாட்களில் இலையைக் காலையில் குழாய்த் தண்ணீரால் கழுவிவிடுங்கள், வெயிலுக்குள் காய்ந்துவிடும்.

வெட்டும் நாள் வரும்போது தண்டைக் கிட்டத்தில் பாருங்கள். இலை விழுந்த இடமெல்லாம் தண்டைச் சுற்றி மோதிரம்போல் ஒரு கோடு. அதுதான் கணு. ஜேட்டில் இலைகள் எதிரெதிராகச் சோடியாக வரும், அடுத்த சோடி அதற்குக் குறுக்கே நிற்கும். அதனால் ஒரு கணுவுக்கு மேல் வெட்டினால் அந்தக் கோட்டிலிருந்து இரண்டு துளிர் வரும், எந்தத் திசைக்கு வரும் என்பதும் முன்பே தெரியும். இடம் வலமாகக் கிளை வேண்டுமா, முன்னும் பின்னுமாகத் தழும்பு இருக்கும் கணுவை விட்டு அடுத்த கணுவைத் தெரிந்தெடுங்கள். வெட்டை ஒருபோதும் கோட்டை ஒட்டி வைக்காதீர்கள், அரைச் சென்ரிமீற்றர் மேலே விடுங்கள். மிஞ்சிய கட்டை சுருங்கிக் காய்ந்து கணுவரை வந்து நிற்கும், சில கிழமைகளில் விரல் பட்டாலே கழன்று விழும், கீழே சுத்தமான தோல் இருக்கும். பூச்சு, பசை எதுவும் வேண்டாம். கத்தியை மட்டும் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். வந்த துளிர் மூன்று சோடி இலை விட்டதும் முதல் சோடிக்கு மேல் கிள்ளுங்கள். அது இரண்டாகும், இரண்டு நாலாகும். இப்படித்தான் மரத்தின் தலை அடர்கிறது.

கம்பி சுற்றி வளைப்பதை நான் அதிகம் செய்வதில்லை. தண்டில் சாறு நிறைந்திருந்தால் கரட்போல் பட்டென்று முறியும். கட்டாயம் வேண்டுமென்றால் சில நாள் தண்ணீரை நிறுத்தித் தண்டு தளர்ந்த பிறகு, மென்மையான அலுமினியக் கம்பியால் தளர்வாகச் சுற்றி, இரண்டு கிழமைக்கு ஒருக்கா பாருங்கள். கொழுக்கும் தண்டில் கம்பி சீக்கிரம் பதிந்துவிடும், அந்தத் தழும்பு போக வருஷக்கணக்கு.

பூச்சி என்று வந்தால் வெண்மூட்டுப்பூச்சிதான், இலைக்கக்கத்தில் பஞ்சு ஒட்டினமாதிரி. பார்மசி ஸ்பிரிட்டில் தோய்த்த காதுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்துவிட்டு, நாலு நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

வெட்டி எடுத்த நுனிகளை வீசாதீர்கள். நாலைந்து நாள் நிழலில் காயவைத்து அதே கல் மண்ணில் குத்திவிடுங்கள். மேல்மாடிப் பிள்ளைக்கு என் பெருவிரல் மரத்தின் நுனி ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். இப்போது அவளுடைய ஜன்னலில் ஐந்து தயிர்ச் சட்டிகள்.