பட்டை மஃப்ளர் பின்னும்போது நூலை வெட்ட வேண்டாம்

உல்லன் நூலில் கலர் பட்டை வைத்து மஃப்ளர் பின்னுகிறீர்களா? ஒவ்வொரு பட்டையையும் இரண்டு, நான்கு என்று இரட்டைப்படை வரிசைகளில் முடியுங்கள். நிறம் மாற்றும்போது பழைய நூலை வெட்டாமல் ஓரத்தில் அப்படியே தொங்க விடுங்கள். அதன் முறை வரும்போது எடுத்துப் பின்னினால் போதும்.

ஒரு வரிசை போனால் அடுத்த வரிசை திரும்பி வரும் இல்லையா? அதனால் இரட்டைப்படையில் முடித்தால், மற்ற நூல் காத்திருக்கும் ஓரத்துக்கே வந்து நிற்பீர்கள். ஒற்றைப்படை என்றால் நூல் எதிர் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். வெட்டி வெட்டிப் பின்னினால் 40 பட்டைக்கு 80 முனை. அத்தனையையும் ஊசியில் கோத்து உள்ளே செருகுவது பின்னுவதைவிடப் பெரிய வேலை, நூலும் வீண். இன்னொரு லாபம், நிறம் மாறும் இடத்தில் விழும் புள்ளிப் புள்ளியான கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் போய்விடும். அதைப் பின்பக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

நான்கு வரிசைப் பட்டை என்றால், இரண்டு வரிசைக்கு ஒருமுறை ஓரத்தில் காத்திருக்கும் நூலைப் பின்னும் நூலோடு ஒரு சுற்று முறுக்குங்கள். இழுத்துப் பிடிக்காதீர்கள், அந்த ஓரம் சுருங்கிப் போகும்.

எட்டு, பத்து வரிசைக்கு மேல் அகலமான பட்டைகளுக்கு இது சரிவராது. மூன்று நிறத்தைத் தாண்டினாலும் ஓரம் தடித்து, நூல்கண்டுகள் சிக்கிக்கொள்ளும். அங்கே வெட்டுவதே மேல். ஒற்றை வரிசைப் பட்டைதான் வேண்டுமென்றால் வட்ட ஊசி (இரண்டு ஊசி முனைகளை வளையும் வயர் இணைத்திருப்பது) வாங்குங்கள். பின்னலைத் திருப்பாமல், ஊசியில் இருக்கும் கண்ணிகளை (நூல் வளையங்களை) மறுமுனைக்குத் தள்ளி அங்கிருந்தே அடுத்த நிறத்தைத் தொடங்கலாம்.