பெரிய வீட்டுக்குக் காப்பீடு: பிரீமியம் எப்படி வருகிறது, நாமே கணக்குப் போடுவது எப்படி

நகரத்தின் விளிம்பில் தோட்டம், கார் ஷெட், மாடி என்று விஸ்தாரமான வீடு. அதற்குக் காப்பீடு எடுக்கப் போனால் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பணத்துக்கு, அதாவது பிரீமியத்துக்கு, மூன்று நிறுவனங்கள் மூன்று தொகை சொல்லும். ஒன்று மற்றொன்றைப் போல இரண்டு மடங்கு இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். பெரும்பாலோர் உடனே குறைந்த தொகையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன். பிரீமியம் என்பது கடைசியில் வரும் விடை. அதற்கான கணக்கின் பெரும்பகுதியை நாம் கொடுக்கும் எண்கள்தான் தீர்மானிக்கின்றன என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதனால் இங்கே விலை விசாரிப்பதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

ஒரு நோட்டு, அளவு டேப், கேமரா உள்ள போன் இருந்தால் போதும். ஒரு வார இறுதி பிடிக்கும்.

படி 1: கட்டடம் எது, பொருள் எது என்று பிரியுங்கள்

வீட்டுக் காப்பீட்டில் இரண்டு பாதி உண்டு. வீடு மாறும்போது லாரியில் ஏற்றிக்கொண்டு போவதெல்லாம் பொருள்கள். விட்டுவிட்டுப் போவதெல்லாம் கட்டடம். சோபா பொருள், சுவரோடு பொருத்திய சமையலறை அலமாரி கட்டடம். சுற்றுச்சுவர், கேட், தனியாக நிற்கும் ஷெட், நீச்சல் குளம் ஆகியவை பெரும்பாலும் கட்டடத்தில் சேரும். ஒட்டவைத்த கார்பெட், ஏசி, கூரையில் உள்ள சோலார் பலகை ஆகிய மூன்றையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு மாதிரி வைப்பார்கள். அதை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும்?

எல்லாம் இந்தப் படியில்தான் இருக்கிறது. நான் சறுக்கியதும் இங்கேதான். வீடு வாங்கிய விலையை அப்படியே காப்பீட்டுத் தொகையாக, அதாவது நிறுவனம் அதிகபட்சம் தரும் தொகையாக, எழுதிவிட்டேன். அந்த விலையில் மனையின் விலையும் அடக்கம். மனை தீப்பிடிக்காது, அதை யாரும் திரும்பக் கட்டித் தரவும் வேண்டாம். மனை விலை உச்சத்தில் இருக்கும் இடத்தில் இப்படி எழுதினால் தேவையில்லாமல் அதிகப் பிரீமியம் கட்டுவீர்கள். மனை மலிவாகவும் கட்டடம் பெரிதாகவும் உள்ள இடத்தில் தலைகீழ்: விற்பனை விலையைவிடத் திரும்பக் கட்டும் செலவு கூடுதலாக இருக்கும், காப்பீடு போதாமல் போகும். நகரத்துக்கு வெளியே உள்ள பெரிய வீடுகளுக்கு இரண்டாவது நிலைமை வர நிறையவே வாய்ப்பு உண்டு.

அதனால் டேப்பை எடுங்கள். வெளிச்சுவரின் வெளிப்பக்கத்தில் நீளம், அகலம் அளந்து பெருக்குங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். கீழ்த்தளம் 50 அடிக்கு 36 அடி என்றால் 1,800 சதுர அடி. மாடி 1,400 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,200. கார் ஷெட் தனியாக 400. சதுர மீட்டரில் கணக்குக் கேட்டால் 10.76-ஆல் வகுத்தால் சரி.

அப்புறம் உங்கள் ஊரில் கட்டடம் கட்டுபவர் இரண்டு பேரிடம் இதே தரத்தில் கட்டச் சதுர அடிக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். கணக்குக்காக, எந்த நாட்டுப் பணமானாலும், வீட்டுக்கு 100, ஷெட்டுக்கு 50 என்று எடுத்துக்கொள்கிறேன். வீடு 3,20,000. ஷெட் 20,000. சுற்றுச்சுவர், கல் பாவிய பாதை, தோட்டத்து அறை எல்லாம் சேர்த்து 30,000. ஆக 3,70,000.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எரிந்த வீட்டை இடித்து அள்ளிக்கொண்டு போகவே பணம் வேண்டும். வரைபடம் போடுபவர், பொறியாளர், அனுமதிக் கட்டணம் எல்லாம் உண்டு. நான் இதற்கு 15 விழுக்காடு சேர்ப்பேன்: 55,500. மொத்தம் 4,25,500. கட்டடத்துக்கு எழுத வேண்டிய எண் இதுதான். வளைந்த படிக்கட்டு, கையால் இழைத்த மரவேலை, இப்போது எளிதில் கிடைக்காத ஓடு என்று ஏதாவது இருந்தால் சதுர அடிக் கணக்கு பொய்த்துவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்வது மேல்.

குறைத்து எழுதினால் என்ன? வீடு முழுக்க எரிவது அபூர்வம்தானே என்று தோன்றும். பல பாலிசிகளில் ஆவரேஜ் விதி என்று ஒன்று இருக்கிறது. எழுத வேண்டியது 4,00,000, நீங்கள் எழுதியது 3,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை மட்டும் எரிந்து 80,000 நஷ்டம். நீங்கள் முக்கால் பங்குக்குத்தான் காப்பீடு எடுத்தீர்கள், அதனால் முக்கால் பங்கு நஷ்டம்தான் தருவோம் என்று 60,000 கொடுப்பார்கள். மீதி 20,000 உங்கள் கைக்காசு. எழுதிய தொகைக்குள் அடங்கும் சின்ன நஷ்டத்திலும் இந்த வெட்டு விழும். இந்த விதி இல்லாத பாலிசியிலும் எழுதிய தொகைக்கு மேல் ஒரு காசும் வராது.

படி 3: அறை அறையாகப் பொருள்களை எண்ணுங்கள்

போனில் வீடியோவை ஓடவிட்டு அறை அறையாக நடங்கள். அலமாரியைத் திறந்து காட்டுங்கள், கருவிகளின் பின்புறம் உள்ள எண்ணைப் படமெடுங்கள். பெரிய டிவியும் சோபாவும் யாருக்கும் மறக்காது. துணிமணி, பாத்திரம், படுக்கை, புத்தகம், ஷெட்டில் கிடக்கும் கருவிகள், புல்வெட்டும் எந்திரம், சைக்கிள் என்று விட்டுப்போவதுதான் கூட்டினால் பெரிய தொகை. பெரிய வீட்டில் பரணும் ஷெட்டும் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஒவ்வொன்றுக்கும் இன்று கடையில் புதிதாக வாங்கும் விலையை எழுதுங்கள். ஆனால் பாலிசி எதைத் தரும் என்றும் பாருங்கள். பழையதற்குப் புதியது தரும் பாலிசியும் உண்டு, தேய்மானம் கழித்துத் தரும் பாலிசியும் உண்டு. பத்து ஆண்டு உழைக்கும் என்று கணக்கிட்ட சலவை எந்திரம் ஆறாம் ஆண்டு முடிவில் எரிந்தால், இரண்டாவது வகையில் கிடைப்பது புது விலையில் 40 விழுக்காடு அளவுதான். மலிவான பாலிசி ஏன் மலிவு என்பதற்குப் பல நேரம் காரணம் இதுவே.

நகை, கடிகாரம், ஓவியம், கேமரா போன்றவற்றுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும். அதைத் தாண்டும் பொருளைப் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் ஆகும். வெளியே எடுத்துப் போகும்போதும் காப்பு வேண்டுமா என்பது தனிக் கேள்வி.

படி 4: விகிதத்தை எது ஏற்றுகிறது என்று பாருங்கள்

எழுதிய தொகையை ஒரு விகிதத்தால் பெருக்குவதுதான் அடிப்படை. ஆயிரத்துக்கு 2 என்று இருந்தால் 4,25,500-க்கு 851. விகிதம் வீட்டைப் பொறுத்து மாறும். இது பழைய வழக்கம். 1666-இல் லண்டன் மாநகரம் எரிந்து சுமார் 13,200 வீடுகள் போன பிறகு, நிக்கோலஸ் பார்பன் என்பவர் தீக்காப்பீட்டு வியாபாரத்தைத் தொடங்கினார். செங்கல் வீட்டுக்கு ஆண்டு வாடகையில் இரண்டரை விழுக்காடு, மர வீட்டுக்கு ஐந்து விழுக்காடு என்று அவர் வாங்கினார். இன்று கணினி நூறு விஷயங்களைப் பார்த்தாலும் சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது என்ற கேள்விகள் போகவில்லை.

புறநகர் வீட்டுக்கு வேறு சிலவும் சேரும். தீயணைப்பு நிலையம் எவ்வளவு தூரம், ஆறு அல்லது காடு பக்கத்தில் இருக்கிறதா, பழைய மின்கம்பி ஓட்டமா, பகலில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால் வீடு பூட்டிக் கிடக்கிறதா? குளியலறை நான்கு என்றால் குழாய் உடைய நான்கு இடம். இவற்றில் பலதை நாம் மாற்ற முடியாது. ஆனால் பொய் சொல்லக் கூடாது. அலாரம் இருக்கிறது என்று தள்ளுபடி வாங்கிவிட்டு அதைப் போடாமல் வெளியே போன நாளில் திருட்டு நடந்தால் வம்புதான்.

படி 5: எக்ஸஸ் கணக்கு

நஷ்டத்துக்குப் பணம் கேட்பது கிளெய்ம். ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் நாம் போட வேண்டிய பங்கு எக்ஸஸ். சிலர் டிடக்டிபிள் என்பார்கள். இதைக் கூட்டினால் பிரீமியம் குறையும். கூட்டலாமா என்பதற்கு வகுத்தல் போதும். எக்ஸஸை 500-இலிருந்து 1,000 ஆக்கினால் ஆண்டுக்கு 40 மிச்சம் என்கிறார்கள் என்று வையுங்கள். கூடுதல் 500-ஐ 40-ஆல் வகுத்தால் 12.5. பன்னிரண்டரை ஆண்டு கிளெய்மே வராமல் இருந்தால்தான் கணக்கு நேராகும். எனக்கு அது பிடிக்காது. மிச்சம் 150 என்றால் யோசிப்பேன்.

படி 6: எது கிடையாது என்ற பக்கத்தைப் படியுங்கள்

போரடிக்கும், ஆனாலும் படியுங்கள். கரையான், மெதுவாக ஊறும் கசிவு, பராமரிக்காமல் விட்ட கூரை ஆகியவை பொதுவாகக் கிடையாது. திடீரென உடைந்த குழாய் வேறு, மாதக்கணக்கில் கசிந்த குழாய் வேறு. மழை கூரை வழியாக இறங்குவது ஒன்று, ஆறு பெருகி வாசல் வழியாக வருவது இன்னொன்று. இரண்டாவதைத் தனியாக வாங்க வேண்டியிருக்கலாம். தொடர்ந்து 30 அல்லது 60 நாள் வீடு பூட்டிக் கிடந்தால் காப்பு சுருங்கும் என்று பல பாலிசிகளில் இருக்கும். நீண்ட பயணம் போகும் முன் சொல்லிவிடுங்கள். மாடியில் அறை கட்டினாலும், வீட்டிலேயே தொழில் தொடங்கினாலும் சொல்ல வேண்டும்.

படி 7: இப்போது விலை கேளுங்கள்

எல்லாரிடமும் ஒரே கட்டடத் தொகை, ஒரே பொருள் தொகை, ஒரே எக்ஸஸ் சொல்லுங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும். மாதத் தவணை என்றால் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுத் தொகையோடு வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வட்டி ஒளிந்திருக்கும். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது கட்டுமானச் செலவு ஏறியதற்காக நிறுவனம் தானே தொகையைக் கூட்டியிருக்கலாம். வீட்டு விலை இறங்கியிருக்கிறதே என்று அதைக் குறைக்கச் சொல்லாதீர்கள். செங்கல் விலையும் கூலியும் இறங்கியிருந்தால் மட்டும் பேசலாம்.

அந்த வீடியோவின் ஒரு பிரதியை வீட்டுக்கு வெளியே, இணையச் சேமிப்பிலோ உறவினரிடமோ வையுங்கள். நான் ஓர் ஆண்டு முழுக்க அதை மேசைக் கணினியில் மட்டும் வைத்திருந்தேன்.