தேயும் சாலிட்டானின் உயரத்தைக் கணக்கிடும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறங்களிலிருந்து பல்கலைக்கழகம் சென்று, விடுமுறையில் மடிக்கணினியோடு வீடு திரும்பும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். மழை ஓய்ந்த பின் லயத்துக்குப் பின்னாலுள்ள சிமெண்டுக் கால்வாயில் ஒரு பலகையைச் செங்குத்தாகப் பிடித்து ஒரே முறை முன்தள்ளினால், தனி மேடாக ஓர் அலை கிளம்பும். உராய்வு இல்லாவிடில் வடிவம் மாறாமல் ஓடும் இத்தகைய தனி அலையே சாலிட்டான். நீர் 10 சென்டிமீட்டர் ஆழமிருந்தால் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். மெதுவாக நடந்தே பின்தொடரலாம். போகப் போக அது தாழ்வதையும் காணலாம். எவ்வளவு தாழும் என்பதைத் தாளிலேயே கணக்கிட முடியும்.

உராய்வற்ற நிலைக்கு டச்சுக் கணிதவியலாளர்களான கோர்ட்டவெக், டி விரீஸ் இருவரும் 1895இல் தந்த சமன்பாட்டின் அலகு நீக்கிய வடிவை எடுத்துக்கொள்ளுங்கள்: அலையின் கால வகையீடு, அலையையும் அதன் சாய்வையும் பெருக்கியதன் 6 மடங்கு, மூன்றாம் இட வகையீடு ஆகிய மூன்றையும் கூட்டினால் சுழியம். இதன் சாலிட்டானை ‘க’ என்னும் ஒரே எண் தீர்மானிக்கிறது. உயரம் 2க², வேகம் 4க², பொருண்மை (அலையின் தொகையீடு) 4க, உந்தம் (அலை வர்க்கத்தின் தொகையீடு) 16க³/3. முதலில் இச்சமன்பாட்டைத் தீர்க்கும் உங்கள் கணினி நிரலை உராய்வின்றி ஓட்டிப் பாருங்கள்; பொருண்மையும் உந்தமும் மாறினால் பிழை நிரலில்தான் இருக்கிறது, மேற்கொண்டு போவது வீண்.

அடுத்து, சுழியத்துக்குப் பதிலாக அலையின் ‘−த’ மடங்கை வலப்பக்கத்தில் வையுங்கள். ‘த’ உராய்வின் அளவைக் குறிக்கும் சிறிய எண். இப்போது மொத்தப் பொருண்மை த என்ற வீதத்திலும் மொத்த உந்தம் 2த என்ற வீதத்திலும் அடுக்குக்குறியாகக் குறையும். பலர் எளிமை கருதிப் பொருண்மையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அங்கேதான் விடை தவறுகிறது. தேயும் சாலிட்டான் தனக்குப் பின்னால் −த/(3க) உயரமுள்ள தாழ்ந்த, நீண்ட வாலொன்றை விட்டுச்செல்கிறது. வாலின் உயரம் சிறிதெனினும் நீளம் பெரிது என்பதால் அதன் பொருண்மையைப் புறக்கணிக்க இயலாது. வர்க்கமாக்கும்போது அந்த உயரம் மிகச் சிறிதாகிவிடுவதால் வாலின் உந்தத்தைப் புறக்கணிக்கலாம். செம்பனை எண்ணெய் ஆலையின் நிறுவை மேடையில் லோரியை ஏற்றினால் குலையும் உதிரிப் பழமும் சேர்ந்தே எடை காட்டுவதைப் போன்றது மொத்தப் பொருண்மை. ஆனால் இங்கே உதிரியின் எடை எதிர்க்குறி உடையது.

ஆகவே உந்தத்தை மட்டும் சமன்செய்யுங்கள். க³ 2த வீதத்தில் குறைவதால், க 2த/3 வீதத்திலும் உயரம் 4த/3 வீதத்திலும் குறையும். தொடக்கத்தில் க=1, த=0.03 எனில், நேரம் 10இல் உயரம் 2இலிருந்து 1.34 ஆகும், பொருண்மையை நம்பியிருந்தால் 1.10 வந்திருக்கும். அதே நேரத்தில் சாலிட்டானின் பொருண்மை 3.27, மொத்தம் 2.96, வித்தியாசமான −0.31ஐ வாலில் தேடுங்கள். சாலிட்டான் இதற்குள் ஏறத்தாழ 33 அலகு நகர்ந்திருக்கும் என்பதால், கணிப்புப் பரப்பு 100 அலகாவது இருக்கட்டும். இல்லையேல், பரப்பின் இரு முனைகளையும் இணைத்துக் கணக்கிடும் நிரலில் வால் சுற்றி வந்து சாலிட்டானின் முன்பக்கத்தில் மோதும்.

த, 4க³ஐவிட மிகச் சிறிதாக இருக்கும்வரைதான் இந்த முறை செல்லும். க தேயத் தேய இந்த நிபந்தனையும் நலிகிறது. த, 4க³இன் பத்தில் ஒரு பங்கை எட்டியதும் நிறுத்திவிடுவது என் வழக்கம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது நேரம் 43ஐ ஒட்டி வரும்.