தொல்லியலும் வேண்டும், சுற்றுச்சூழலும் வேண்டும் என்றால்

பிளஸ் டூவில் அறிவியல் படித்துவிட்டு இரண்டுக்கும் ஆசைப்படும் கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகள் இளங்கலையில் நிலவியலோ தாவரவியலோ எடுங்கள். தொல்லியலை முதுகலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஏ. தொல்லியலுக்குப் பல பல்கலைக்கழகங்களில் எந்தப் பட்டமும் போதும். பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் பக்கம் தாவுவதுதான் பெரும்பாடு.

படித்ததும் வீண்போகாது. 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்த, புதுச்சேரிக்குப் பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் அரியாங்குப்பம் ஆறு அரித்த கரையைப் பாருங்கள்: மண் அடுக்குகளுக்குள் செங்கல்லும் பானை ஓடுகளும் செருகி நிற்கும். அந்த அடுக்குகளைப் பிரித்தறிய நிலவியல்தான் கைகொடுக்கும். (பானை ஓடுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்!)

கல்வெட்டு, நாணயம் என்றுதான் மனசு ஓடுகிறதா? அப்படியென்றால் இந்த வழி வேண்டாம். நேராக வரலாறோ தமிழோ எடுங்கள்.