கடலூர் சைட்டுக்கு சர்வர் பேரு வெச்சது – என் அனுபவம்
பழைய சைட்ல டேலி-சர்வர்னு ஒரு மெஷின், டேலியை எப்பவோ வேற பாக்ஸுக்கு மாத்தியாச்சு, அதுல இப்ப ஓடுறது பயோமெட்ரிக், புதுசா வர்ற பையன் யாரா இருந்தாலும் டேலி நின்னா அதைத்தான் ரீஸ்டார்ட் பண்ணுவான். வேலையை வெச்சு பேரு வைக்காதீங்கன்னு 1990லயே ஆர்எஃப்சி 1178ங்கற இன்டர்நெட் ஆவணத்துல எழுதிட்டாங்க, யாரு படிக்கிறா.

அதனால கடலூர் சிப்காட் பக்கம் புது சைட்டுக்கு பேரை மொதல்லயே முடிவு பண்ணிடுவோம்னு உக்காந்தோம். ஆத்துப் பேரு வைக்கலாம்னாங்க, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, அப்புறம்? சீக்கிரம் தீந்துடும். மீனுன்னா பஞ்சமே இல்ல, முதுநகர் துறைமுகத்துல காலைல போய் நின்னா போதும். பல விர்ச்சுவல் மெஷினைச் சுமக்குற பெரிய விஎம் ஹோஸ்ட் சுறா, உள்ள ஓடுற குட்டிங்க நண்டு, கடம்பா. இங்கிலீஷ்ல ஆளுக்கொரு ஸ்பெல்லிங் வர்ற வஞ்சிரம், நெத்திலியெல்லாம் கழிச்சிட்டோம், போன்ல சொல்லி மாளாது. விண்டோஸ்னா 15 எழுத்துக்குள்ள இருக்கணும், அண்டர்ஸ்கோர் வேணாம், ஹைஃபன் ஓகே.

அசல் வேலை டிஎன்எஸ்லதான், பேரைச் சொன்னா மெஷினோட முகவரியைக் காட்டுற சர்வீஸ் அது. டேலி, பேக்கப்னு சிநேம், அதாவது மாத்துப் பேரு (அலியாஸ்) போட்டு மீனுக்கு பாயிண்ட் பண்ணிட்டோம், யூசருக்கு அந்தப் பேரு மட்டும்தான் தெரியும். மெஷின் மாத்துறதுக்கு முந்தின நாள் டிடிஎல்லை (பழைய பதிலை எத்தனை செகண்ட் ஞாபகம் வெச்சுக்கலாம்ங்கறது) 300 ஆக்கிட்டு, மாத்தினதும் சிநேமைத் திருப்பினா முடிஞ்சது. விண்டோஸ் ஃபைல் ஷேர் மட்டும் அலியாஸ்ல மொரண்டு பிடிக்கலாம், அந்தப் பேருக்கு எஸ்பிஎன் (இந்தப் பேரு இந்த மெஷினோடதுன்னு டொமைன்ல பண்ற பதிவு) சேர்த்துடுங்க.

அக்கவுண்ட்ஸ் மேடம் சுத்த சைவம், அவங்க மெஷினுக்கு மட்டும் முருங்கை.